முன்பாதி யாரிடம்

1

இந்த வாரம் புத்தக மதிப்புரை கிடையாது. படித்த நாவலின் முன்பாதி என் கையில் இல்லை. பாதியை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதும் தைரியம் எனக்கு ஒரு காலத்தில் இருந்தது, இப்போது இல்லை.

இங்கே வழக்கமாக வந்து போகிறவர்களுக்குத் தெரியும், நான் எதையும் முடிவிலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன். ஆகவே முடிவு இதுதான்: நாளை வேலை முடிந்ததும் ஹன்னா என்ற பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டி, வியாழக்கிழமை நான் கிழித்துக் கொடுத்த பாதிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன். அவர் பாவம், எனக்கு அதே நாவலின் புதுப் பிரதி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டார். புதுசு வேண்டாம், கிழிசல்தான் வேண்டும் என்று ஜெர்மன் மொழியில் மரியாதை கெடாமல் எப்படிச் சொல்வது என்று என் மகள் கயலிடம் கேட்டு, சமையலறையில் நின்றபடி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

‘பின்பாதி’ என்ற இந்த வலைப்பூவுக்கு இந்த மாதத்தோடு ஒன்பது வயது முடிகிறது. யாரும் வாழ்த்தவில்லை. வலைப்பூவெல்லாம் இன்னும் இருக்கிறதா என்று கேட்கிற காலம். யார் யார் வந்து போனார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தால் நான் கேள்விப்படாத நாடுகளிலிருந்தெல்லாம் ஆள் வந்ததாகக் காட்டும். அதெல்லாம் மனுஷர் இல்லை, இயந்திரங்கள் என்று கயல் சொல்லிவிட்டாள். மனுஷராக வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெயர் போடாமல் எழுதுகிறவர். “அம்மணி, இந்த முறையும் கதையின் முடிவைச் சொல்லிவிட்டீர்கள்” என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் எழுதியதில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. திட்டுவதற்காவது படிக்கிறாரே.

இன்னொருத்தி மெர்சி. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வீட்டுக்கு வந்து, நான் எழுதியதைப் போனில் படித்துவிட்டு, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதிப் போடுவாள். “இந்த ஆளு இன்னாத்துக்கு இப்டி பண்ணான்?” என்று கதாபாத்திரத்தைப் பற்றிக் கேட்பாள். “இவ்ளோ பெரிய வார்த்தையெல்லாம் யாருக்குடி எழுதற?” என்று என்னைக் கேட்பாள். எட்டு வருடத்துக்கு மேல் ஒரு ஞாயிறும் தப்பாமல் வந்தவள், மே மாதத்திலிருந்து வருவதில்லை. அவள் மகள் கல்யாணம் மே மாதம். நான் போகவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வலைப்பூவை நான் எழுதுவது அவள் ஒருத்திக்காகத்தான். அவள் இனி வரவே மாட்டாளோ என்கிற பயம்தான் மே மாதத்திலிருந்து எனக்கு இருப்பது. இந்த வாரம் நடந்ததை அதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

2

என் வாரம் எப்படிப் போகும் என்று ஊரிலிருந்து சிலர் கேட்பார்கள். வெளிநாடு, பனி, கையில் காபி, ஜன்னலோரம் புத்தகம் என்று படம் பிடித்து வைத்திருப்பார்கள். ஜன்னல் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் இராணிப்பேட்டைக்காரர். தோலுக்கான ரசாயனம் செய்யும் கம்பெனியில் வேலை. அந்த வேலைதான் எங்களை இந்தச் சின்ன ஊருக்குக் கொண்டுவந்தது. அவர் இருட்டோடு கிளம்புவார். கயல் பள்ளிக்கூடம் போவாள். நான் இன்னொரு பள்ளிக்கூடத்தின் சமையலறைக்குப் போவேன், பிள்ளைகள் சாப்பிட்ட தட்டுகளை இயந்திரத்தில் அடுக்கி எடுக்கிற வேலை. அதற்கு அதிகம் பேச வேண்டாம். மத்தியானத்துக்கு மேல் வீடு. வீட்டில் நானும் புத்தகமும்.

போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் படிப்பேன். இங்கே பஸ்ஸில் நிறையப் பேர் படிக்கிறார்கள். தடித்தடியான முழுப் புத்தகங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன படிக்கிறார் என்று எட்டிப் பார்த்தால் புத்தகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். கோபத்தில் இல்லை, எனக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு. திங்கட்கிழமை எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் படிக்கப் படிக்க அழுதுகொண்டிருந்தாள். யாரு செத்தாங்க என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. ஊராக இருந்தால் கேட்டிருப்பேன், அவளும் சொல்லியிருப்பாள். இறங்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அன்று படித்தது உப்பளம் நடத்தும் இரண்டு சகோதரிகளைப் பற்றிய ஒரு ஜெர்மன் நாவல். நூலகத்தில் வியாழக்கிழமைதோறும் கூடும் வாசகர் வட்டத்துக்காகப் படிப்பது. பக்கத்துக்கு நாலு சொல்லுக்கு அகராதி பார்ப்பேன். சகோதரிகள் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பது பாதிப் புத்தகம் தாண்டியும் எனக்குப் பிடிபடவில்லை. கதை அப்படியா, என் ஜெர்மன் அப்படியா என்று தெரியவில்லை. மெர்சி இருந்தால் “ஏதோ நகை விஷயமாத்தான் இருக்கும்” என்று ஒரே வரியில் முடித்திருப்பாள்.

3

ஆம்பூரில் வேலை பார்த்த காலத்தில் கம்பெனி பஸ் ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து புறப்படும். மெர்சி அங்கேயே ஏறிவிடுவாள். ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு மாதனூருக்கு வரும்போது நான் ஏறுவேன். அவளுக்குப் பக்கத்து இடத்தில் அவள் சாப்பாட்டுக் கூடை உட்கார்ந்திருக்கும். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விடுவாள். அங்கிருந்து ஆம்பூர். இரண்டு பேரும் ஸ்டிச்சிங்கில், அடுத்தடுத்த மெஷின்.

மாத நாவல் ஒன்றை அவள் ஆற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து எடுத்து வருவாள். அவள் முதலில் ஏறுவதால் அவள்தான் படித்துக்கொண்டிருப்பாள். நான் அவள் தோளில் சாய்ந்து பார்ப்பேன். நான் வேகம், அவள் நிதானம். “திருப்பு, திருப்பு” என்று நான் பிடுங்க, “இருடி, பேஜாரு பண்ணாத” என்று அவள் கையைத் தட்டிவிட, ஒரு நாள் பொறுமை கெட்டு, புத்தகத்தை நடுவில் விரித்து அட்டைகளைப் பின்பக்கமாக மடக்கி, கட்டைவிரலால் முதுகை ஒரு அழுத்து அழுத்தி, இரண்டாகப் பிரித்துவிட்டாள். ஒரு தாள் சிதறவில்லை. தோலைக் கோணாமல் பிடித்துத் தைக்கிற கை அது. பின்பாதியை என் மடியில் போட்டு, “இந்தா, வாய மூடு” என்றாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. புது நாவல் வந்தால் முதல் வேலை கிழிப்பது. அதில் இன்னொரு வசதியும் இருந்தது. தையல் மெஷின் வரிசைக்குள் புத்தகம் கொண்டுபோகக் கூடாது, ஆனால் பாதிப் புத்தகம் ஏப்ரன் பைக்குள் தட்டையாக அடங்கிவிடும், சூப்பர்வைசர் கண்ணுக்குத் தெரியாது. முன்பாதி எப்போதும் அவளுக்கு, பின்பாதி எப்போதும் எனக்கு. சாயங்காலம் திரும்பும்போது மாற்றிக்கொள்வோம்.

அதனால் நான் படித்த கதையெல்லாம் நடுவிலிருந்து தொடங்கியவை. யார் யாருக்குப் புருஷன், எந்தச் சண்டை எதனால் என்று எதுவும் தெரியாமல் உள்ளே நுழைந்து, பேச்சை வைத்து நானே ஊகித்துக்கொள்வேன். செத்துப்போனவன் யாரென்று தெரியாமலே அழுதிருக்கிறேன். சாயங்காலம் மெர்சி ஆரம்பத்தைச் சொல்வாள், நான் முடிவைச் சொல்வேன். சில சமயம் நான் ஊகித்தது அசல் கதையை விட நன்றாக இருக்கும், அப்போது அவள் “இத்தயே வெச்சிக்கலாம்” என்று சொல்லிவிடுவாள். என் வலைப்பூவுக்கு ஏன் இந்தப் பெயர், நான் ஏன் முடிவைப் போட்டு உடைக்கிறேன் என்று கேட்கும் பெயர் போடாத ஐயாவுக்கு இதுதான் பதில்.

இந்தப் பழக்கம் எனக்கு இங்கே கொஞ்சம் உதவியது என்றும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் எல்லோருடைய கதைக்குள்ளும் நான் நடுவில்தான் நுழைந்தேன். முன்கதை சொல்ல ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

4

செவ்வாய்க்கிழமை தபாலில் வெளிநாட்டவருக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக் கடிதம் வந்தது, அடுத்த மாதம் வரச்சொல்லி. அதைப் பற்றிச் சொன்னால்தான் கல்யாணத்துக்கு நான் போகாத கதை விளங்கும்.

குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க ஏப்ரலில் கொடுத்தோம். கணவருக்கும் மகளுக்கும் வந்துவிட்டது. நான் மொழித் தேர்வில் பேச்சுப் பகுதியில் தேறாததால் என்னுடையது மட்டும் நின்றுவிட்டது. அதுவரை வைத்துக்கொள்ள ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளின் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் ‘கற்பனைச் சான்றிதழ்’. விளையாட்டில்லை, அதுதான் சட்டப்படியான பெயர். அனுமதி இருப்பதாக இப்போதைக்குக் கற்பனை செய்துகொள்ளலாம் என்று அர்த்தம். இத்தனை வருடம் கதைப் புத்தகம் படித்ததற்கு அரசாங்கமே பார்த்துக் கொடுத்த பட்டம் என்று வீட்டில் சிரித்தோம்.

மெர்சி மகள் கல்யாணத்துக்கு டிக்கெட் பார்க்கப் போனபோது சிரிப்பு நின்றது. இந்தத் தாளை வைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று அலுவலகத்தில் கேட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனுஷர்தான். யோசித்து, “பொதுவாக விடுவார்கள்” என்றார். அந்த ‘பொதுவாக’ என்ற சொல் வீட்டுக்காரரைத் தூங்க விடவில்லை. “உன்ன ஏர்போர்ட்ல நிறுத்திட்டா கயல வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். போகவில்லை.

மெர்சியிடம் போனில் சொன்னேன். “பரவால்லடி, பேப்பர் விஷயம், நீ இன்னா பண்ணுவ” என்றாள். அவள் அப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போடாத மெர்சியை எனக்குத் தெரியாது. கல்யாணப் படங்கள் வந்தன. மகள் வெள்ளைப் புடவையில், இவள் அரக்குப் பட்டில். முன்வரிசை நாற்காலி ஒன்றில் இவள் கைப்பை இருந்தது. பையை வைத்து யாருக்காவது இடம் பிடிப்பது அவள் பழக்கம். அந்தப் படத்தைப் பெரிது பண்ணிப் பண்ணிப் பார்த்தேன்.

மெர்சி இப்போது சாம்பிள் ரூமில் இருக்கிறாள். ஷூ ஆர்டர் உறுதியாகும்போது மாதிரிக்கு ஒரு ஜோடி தைப்பார்கள். வாங்குகிற வெளிநாட்டுக்காரர் ஒரு கால் ஷூவை எடுத்துக்கொண்டு போவார், மறு கால் ஷூ கம்பெனியில் இருக்கும். சீட்டுக் கட்டி, சீல் வைத்து, பீரோவில் பூட்டிவிடுவார்கள். பின்னால் தையல் சரியில்லை, நிறம் சரியில்லை என்று தகராறு வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வதற்கு. அதை நாங்கள் ஒத்தக்கால் என்போம். நான் ஜெர்மனிக்குக் கிளம்பும்போது, “இங்கேர்ந்து ஒத்தக்கால் எடுத்துக்கினு போறவங்க ஊருக்குத்தான போற, அந்தக் கால நீ பாத்துக்க, இங்க இருக்கறத நான் பாத்துக்கறேன்” என்றாள். இங்கே கடைத்தெருவில் ஷூ கடையைத் தாண்டும்போது நான் உள்ளே போய் ஒன்றிரண்டை எடுத்துத் திருப்பித் தையலைப் பார்ப்பது அதனால்தான். கடைக்காரப் பெண் ஒவ்வொரு முறையும் என்ன சைஸ் வேண்டும் என்று கேட்பாள்.

5

வியாழக்கிழமை வாசகர் வட்டம். இரண்டு வருடமாகப் போகிறேன். பத்துப் பேருக்கும் குறைவு, எல்லோரும் என்னை விட மூத்தவர்கள். காபி, ஆப்பிள் கேக், வட்டமாக நாற்காலிகள். நடத்துகிறவர் பிரிகிட்டே, ஓய்வுபெற்ற ஆசிரியை. இனிமையாகத்தான் நடத்துவார். “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று என் பக்கம் திரும்பினால் எனக்குத் தோன்றியதெல்லாம் தமிழில் வந்து நிற்கும், ஜெர்மனில் “நல்ல கதை” என்று மட்டும் வெளியே போகும். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒன்பது வருடம் வாராவாரம் எழுதுகிறவள் நான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆனாலும் போவேன். வாரத்தில் அந்த ஒரு மாலைதான் படிக்கிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது.

அன்று ஹன்னா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக அந்த நாற்காலி காலியாகவே இருக்கும். எதிர்ப்பக்கம் ஜன்னல் காற்று குளிர்கிறது என்று இந்தப் பக்கம் வந்துவிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்து, பையைத் துழாவி, “அடடா, புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டேன்” என்றார்.

பிரிகிட்டே எங்களைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார். அதில் ‘டைலென்’ என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லுக்குப் பகிர்ந்துகொள்வது என்றும் அர்த்தம், பிரிப்பது என்றும் அர்த்தம். நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரே புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் அவர் சொன்னார். இப்போது தெரிகிறது. அப்போது என் காதில் விழுந்தது அந்தச் சொல் மட்டும்தான், பக்கத்தில் ஒருத்தி புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், என் மடியில் புத்தகம் இருக்கிறது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. யோசிக்கவே இல்லை. நடுவில் விரித்தேன், அட்டைகளைப் பின்னால் மடக்கினேன், முதுகில் கட்டைவிரலை வைத்தேன்.

மெர்சி அளவுக்கு இல்லை என்றாலும் சுத்தமாகத்தான் பிரிந்தது. நல்ல புத்தகம், பசை கெட்டி, சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாக வந்தது. முன்பாதியை ஹன்னாவின் மடியில் வைத்து, “இந்தாங்க” என்று தமிழில் சொன்னேன்.

காபிக் கோப்பைகள் அப்படியே நின்றன. ஒருவர் வாயில் கேக்கோடு மெல்லாமல் இருந்தார். ஹன்னா தன் மடியில் இருந்ததைத் தொடாமல் கையைத் தூக்கிக்கொண்டார், சூடான எதையோ யாரோ வைத்துவிட்டாற்போல. பிரிகிட்டே மெதுவாக, பள்ளிக்கூடத்துக் குரலில், “உங்களுக்கு ஒன்றும் இல்லையே? எல்லாம் சரியாக இருக்கிறதா?” என்று கேட்டார்.

விளக்க முயன்றேன். கம்பெனி பஸ், மாத நாவல், இரண்டு சிநேகிதிகள், ஏப்ரன் பை. எந்தச் சொல்லும் வரவில்லை. கடைசியில் என் வாயிலிருந்து வந்த ஜெர்மன் வாக்கியம் இது: “எங்கள் ஊரில் நாங்கள் புத்தகங்களைக் கிழிப்போம்.”

எல்லோரும் பரிதாபத்தோடு தலையாட்டினார்கள். அதன் பிறகு உப்பளச் சகோதரிகளைப் பற்றி அவர்கள் பேசினார்கள், நான் என் பாதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புத்தகங்களைத் தெருவில் குவித்துக் கொளுத்திய ஒரு பழைய கதை இந்த நாட்டில் உண்டு, அதை இவர்கள் மறப்பதே இல்லை. அது எனக்கு நினைவுக்கு வந்தது பஸ் ஏறிய பிறகுதான். அந்த மாலை போல நான் இங்கே ஒருநாளும் தனியாக உணர்ந்ததில்லை.

6

சின்ன ஊர். பிரிகிட்டேயின் பேத்தி கயலின் வகுப்பில் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கயல் பையைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மா, நீ ஏன் அது செஞ்ச?”

“பக்கத்துல இருந்தவங்ககிட்ட புத்தகம் இல்ல. குடுத்தேன்.”

“குடுக்கலாம். ஆனா நீ உடைச்ச.” கயலுக்குக் கிழிப்பது, உடைப்பது, முறிப்பது எல்லாம் ஒன்றுதான். “அவங்க நெனச்சாங்க நீ கோவமா இருக்கன்னு. இல்லன்னா உனக்கு உடம்பு சரியில்லன்னு. எனக்கு எல்லாரும் கேட்டாங்க.”

என்னிடம் கேட்டார்கள் என்பதை அவள் எனக்குக் கேட்டார்கள் என்றுதான் சொல்வாள். வழக்கமாகத் திருத்துவேன். அன்று திருத்தவில்லை. கம்பெனி பஸ் கதையை அவளுக்குச் சொன்னேன், முதல் தடவையாக. இத்தனை வருடத்தில் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை, அவள் கேட்டதில்லை. பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், “ரெண்டு புத்தகம் வாங்க முடியாதா?” என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே சந்தேகம். முடியாது என்பதும் பதில்தான், ஆனால் அது மட்டுமே பதில் இல்லை. சாப்பிட வா என்று சொல்லிவிட்டேன்.

பிரிகிட்டேயிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ‘தெம்பாக உணரும்போது மட்டும் வாருங்கள், அவசரமில்லை’ என்று எழுதியிருந்தார். அன்பான கடிதம். இரண்டு முறை படித்தேன், வராதே என்று எங்கேயும் எழுதவில்லை. வா என்றும் எழுதவில்லை.

சனிக்கிழமை தபால் பெட்டியில் பொட்டலம். அதே நாவல், புத்தம் புதுசு. உள்ளே ஹன்னாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘இது உங்களுக்கு. கவலைப்படாதீர்கள், எல்லோருக்கும் மோசமான நாள் வரும்.’ கிழிந்த முன்பாதி அதில் இல்லை. குப்பையில் போட்டிருப்பார், அல்லது எனக்கு அதைப் பார்த்தால் சங்கடமாக இருக்கும் என்று எடுத்து வைத்திருப்பார். வீட்டுக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல மனுஷிதான், புதுசாவே வாங்கிக் குடுத்துட்டாங்க பாரு” என்றார். நல்ல மனுஷிதான். என்னோடு ஒரு புத்தகத்தில் பாதி படிக்க ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஞாயிற்றுக்கு வேறொரு தமிழ் நாவலுக்கு மதிப்புரை எழுதி வைத்திருந்தேன். அதைத் திறந்து படித்தேன். ‘மானுட இருப்பின் நெருக்கடி’ என்று தொடங்கியது. இதை யாருக்குடி எழுதற என்று மெர்சி குரல் கேட்டது. அழித்துவிட்டேன். வலைப்பூவை இத்தோடு நிறுத்திவிடலாம் என்றும் நினைத்தேன். ஒன்பது வருடம் என்பது நிறுத்துவதற்கு ஒன்றும் மோசமான இடமில்லை.

நிறுத்துவதற்கு முன் என் பாதியை மேஜைமேல் வைத்து ஒரு படம் எடுத்தேன். முதுகு பிய்ந்து, முதல் அட்டை இல்லாமல், நடு அத்தியாயத்திலிருந்து தொடங்குகிற புத்தகம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன், எதுவும் எழுதாமல். பார்த்தவர்கள் பெயர் ஒவ்வொன்றாக வந்தது. தங்கச்சி, பழைய வீட்டுக்காரம்மா, கணவருடைய தம்பி. தங்கச்சி “புக் இன்னா ஆச்சு?” என்று கேட்டாள். சாயங்காலம் மெர்சி பெயர் வந்தது. பார்த்திருக்கிறாள். ஒன்றும் எழுதவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி கழுவப் போனேன்.

7

இன்று காலை, அங்கே கோயில் முடிந்து சோறு வடிக்கிற நேரம், போன் அடித்தது. மெர்சி. ஐந்து மாதத்துக்குப் பிறகு. குசலம் விசாரிக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“இன்னாடி, ஸ்டேட்டஸ்ல கிழிஞ்ச புக்க போட்டிருக்க?”

“ஆமா.”

“நடுவுல கரெக்டா பிரிச்சிருக்க. இன்னும் கை மறக்கல.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவள் பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

“அதுல பின்பாதிதான தெரியுது. முன்பாதி எங்க?” என்றாள்.

சொன்னேன். வியாழக்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ‘டைலென்’ என்ற சொல், கேக்கை மெல்லாமல் இருந்தவர், எங்கள் ஊரில் புத்தகங்களைக் கிழிப்போம் என்று நான் சொன்னது, புதுப் புத்தகம். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதற்காகவே சில இடங்களைக் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“யாரு அந்தம்மா?”

“ஹன்னான்னு. பக்கத்துல உக்காந்திருந்தாங்க.”

“பக்கத்துல உக்காந்தா குடுத்துடுவியா?”

“அவங்ககிட்ட புக்கு இல்லடி.”

“அதுக்கு? பின்பாதிய குடுத்திருக்கலாம் இல்ல. அது உன்னுது, யாருக்கு வேணா குடு.” குரல் கரகரத்தது. “கல்யாணத்துக்கு வரல. சரி. பேப்பர் இல்ல, அது உன் கையில இல்ல, நான் ஒண்ணும் கேக்கல. பக்கத்து சீட்ல பைய வெச்சிக்கினு உக்காந்திருந்தேன், அதயும் நான் யார்கிட்டயும் சொல்லல. இது உன் கையாலதான கிழிச்ச? முன்பாதி யாருதுன்னு உனக்குத் தெரியாதா?”

ஐந்து மாதமாக நான் காத்திருந்த சண்டை இதுதான். சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கயல் எட்டிப் பார்த்து, நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று புரியாமல் நின்றாள்.

“நாளைக்கே போய்த் திருப்பி வாங்கி எனக்கு அனுப்பு” என்றாள் மெர்சி.

“மெர்சி, அது ஜெர்மன் புக்குடி. உனக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.”

“படிக்கறதுக்கா கேட்டேன்? ஒத்தக்கால நாங்க இன்னா போட்டுக்கினு நடக்கறதுக்கா பீரோல பூட்டி வெச்சிருக்கோம்?”